பயற்றங்கொடியும் பொறிக்கூடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒரே இரவில் பயற்றங்கன்றுகள் மொட்டையாகிவிட்டன. கிரவுண்ட்ஹொக்தானே? (ஸ்காபுறோ)

இரவில் என்றால் பெரும்பாலும் அது இல்லை. கிரவுண்ட்ஹொக் என்பது மண்ணில் பொந்து தோண்டி வாழும், அணில் இனத்துப் பெரிய பிராணி. காலையிலும் பின்னேரத்திலும் மேய்ந்துவிட்டு, இருட்டினால் பொந்துக்குள் போய்விடும். வெறும் பாத்தியைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது மிஞ்சிய தண்டு. அது சரிவாக, சுத்தமாக அறுபட்டிருந்தால் முயல். நார்நாராகக் கிழிந்திருந்தால் மான்.

எதைத் தின்னும், எதைத் தொடாது? (மார்க்கம்)

பயறு, அவரை, பட்டாணி, கோவா, லெட்டுஸ், கரட் இலை எல்லாம் தின்னும். நாளுக்கு அரைக் கிலோ பச்சை போதாது. வெங்காயம், உள்ளி பக்கம் அவ்வளவாகப் போகாது. அதற்காகப் பாத்தியைச் சுற்றி உள்ளி நட்டால் காவல் என்று நினைக்க வேண்டாம். தாண்டிப் போய்த் தின்னும்.

இரண்டடி உயரத்தில் கம்பி வலை அடித்தேன். அப்படியும் வருகிறது. (அஜக்ஸ்)

வரும். அது மரமே ஏறும். வலை நாலடி உயரம் வேண்டும். மேல் ஓரடியைக் கம்பத்தோடு கட்டாமல் வெளிப்பக்கம் சாய்த்துத் தளர்வாக விடுங்கள். ஆடுகிற வலையில் ஏறத் தயங்கும். கீழே ஓரடியை மண்ணுக்குள் இறக்கி, அடியை வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். புதைக்காத வலை வீண் செலவு.

பொறிக்கூட்டில் பிடித்துத் தூரத்துப் பூங்காவில் விட்டால் என்ன? பாவம், கொல்ல மனமில்லை. (பிரம்ரன்)

ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கடிதம் வருகிறது, அதே "பாவம்" என்ற சொல்லோடு. நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாண விதிப்படி, பிடித்த காட்டு விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும். கார் டிக்கியில் ஏற்றி நெடுஞ்சாலை வழியே கொண்டுபோவது சட்டவிரோதம்.

சட்டத்தை விடுங்கள். மே மாதத்தில் நீங்கள் பிடிப்பது பெரும்பாலும் தாயை. பொந்துக்குள் நாலைந்து குட்டிகள் பால் இல்லாமல் கிடந்து சாகும். இலையுதிர் காலத்தில் பிடித்தாலோ, தெரியாத இடத்தில் ஆழமாகப் பொந்து தோண்ட அதற்கு நேரமில்லை. குளிர்கால உறக்கத்தில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும் பிராணிக்கு அதுவே சாவு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாவது உங்களுக்கு இரக்கமாகப் படுகிறது. இத்தனைக்கும் பிறகு, காலியான பொந்தில் அடுத்த கிரவுண்ட்ஹொக்கோ, நாற்றமடிக்கும் ஸ்கங்கோ குடியேறும்.

துரத்துவதற்குக் காலம் உண்டு: யூலை நடுவிலிருந்து செப்ரெம்பர் நடுவரை. குட்டிகள் பிரிந்து போயிருக்கும், உறக்கம் தொடங்கியிராது. பூனை மலசலம் கழித்த மண்ணைப் பொந்து வாசலில் கொட்டுங்கள். பிறகு எல்லா வாசல்களிலும் கசக்கிய பத்திரிகைத் தாளைத் திணியுங்கள். இரண்டுக்குக் குறையாமல் வாசல் இருக்கும், ஒன்று புல்லுக்குள் ஒளிந்திருக்கும். மூன்று நாலு நாள் தாள் அசையாவிட்டால் மட்டும் வலை வைத்து மூடுங்கள்.

பொந்துக்குள் அந்துருண்டை போடலாமா? எலிப்பாஷாணம்? (பெயர் இல்லை)

இரண்டும் கூடாது. அந்துருண்டை அலுமாரிக்கு, மண்ணில் போட்டால் உங்கள் கீரைக்குத்தான் கேடு. காட்டு விலங்குக்கு நஞ்சு வைப்பது இங்கே குற்றம்.

வசந்தம் சீக்கிரம் வருமா என்று குறி சொல்லும் கிரவுண்ட்ஹொக், வயர்ட்டன் வில்லி, பெப்ரவரி 2இல் சொல்வதை நம்பிக் கன்று போடலாமா? (ஸ்காபுறோ)

வேண்டாம். மே கடைசி வாரம் போடுங்கள்.

எங்கள் நாய் அதனோடு சண்டை பிடித்தது. சிறு காயம்தான். (பிக்கறிங்)

கிரவுண்ட்ஹொக்குக்கும் விசர்நோய் வரும். சிறிதோ பெரிதோ, இன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மூடும் முன் பொந்து காலியா என்று பாருங்கள் என்பதையும் மறுபடி சொல்லி வைக்கிறேன், நாய் தோண்டிய வாசலை நீங்கள் உடனே மண் போட்டு மூடியதாக எழுதியிருப்பதால்.