பளபளப்பு வேறு, வேக்காடு வேறு: ஜிக் தலைக்குப் பவுடர் பூச்சு – கேள்வி பதில்

ஜிக் தலை என்பது தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்த்த எடைத் தலை. வீட்டில் ஈயம் வார்த்துச் செய்த ஜிக் தலைகளுக்குப் பவுடர் பெயிண்ட் பூசுவது, அதாவது தலையைச் சூடாக்கி வண்ணப் பொடியில் முக்கி, பிறகு ஓவனில் வேகவைப்பது பற்றிப் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஈயம் உருக்குவது தனிப் பாடம், அதைத் தொடவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமையலறை ஓவனில் இந்த வேலை வேண்டாம்.

பட்டர்வொர்த்: அண்ணா, டப்பாவில் இருக்கும் பொடிக்குள் நேராக முக்கினால் கட்டி கட்டியாக ஒட்டுகிறது. காற்றில் பொடியை மிதக்கவிடும் குவளையை வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம், தம்பி. டப்பாவில் கிடக்கும் பொடி தன் எடையிலேயே அமுங்கி இறுகிவிடுகிறது. அதில் சூடான தலையை நுழைத்தால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் ஒட்டும். அடியிலிருந்து சீராகக் காற்று ஏறினால் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பொடி முழுவதும் நெகிழ்ந்து, தலையை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தழுவும்.

ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குல பிவிசி குழாய் வாங்கி இரு துண்டாக வெட்டுங்கள். மேல்துண்டு பொடிக்கு, கீழ்த்துண்டு காற்றுக்கு. நடுவில் காபி வடிகட்டும் தாளை விறைப்பாக இழுத்து, இணைப்பு வளையத்தால் இறுக்குங்கள். கீழ்த்துண்டின் அடியை மூடிவிட்டுப் பக்கத்தில் துளையிட்டு, மீன்தொட்டிக் காற்று பம்பின் குழாயைச் செருகுங்கள். அந்தக் குழாயில் ஒரு சிறு வால்வு கட்டாயம் இருக்க வேண்டும்.

வால்வை மெல்லத் திறந்தால் பொடியின் மட்டம் உயரும். பொங்குவதற்குச் சற்று முன் பால் அசைவதுபோல் மேற்பரப்பு அசைந்தால் போதும். ஓரிடத்தில் மட்டும் குமிழி வெடித்துப் பொடி பறந்தால் காற்று அதிகம், அல்லது தாள் அங்கே தொய்ந்திருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் தாள்வரை இறங்க வேண்டும்.

நம் ஊர் ஈரத்தையும் கணக்கில் வையுங்கள். பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துப் பொடிக்குள் செலுத்துகிறது. மழைநாளில் பொடி மணல்மணலாகத் திரளும். பம்புக்கும் குவளைக்கும் நடுவே சிலிகா ஜெல் நிரப்பிய ஒரு சிறு போத்தலை இணைத்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். வேலை முடிந்ததும் பொடியைக் குவளையிலேயே விட்டுவைக்காதீர்கள். டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள்.

ஜெலுத்தோங்: எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

ஏழு கிராம் தலை என்றால், சூடான காற்றை வீசும் ஹீட் கன்னில் 10 முதல் 20 வினாடி. ஹீட் கன்னுக்கு ஹீட் கன் இது மாறும். கடிகாரத்தைவிடப் பூச்சைப் பாருங்கள். ஒன்றிரண்டு வினாடி முக்கி எடுத்ததும், மங்கலாக இருக்கும் பொடி கண்ணெதிரே நனைந்ததுபோல் மினுங்கத் தொடங்கினால் சூடு சரி. மாவு பூசியதுபோலவே நின்றால் சூடு போதவில்லை. ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து, முக்கிய தலையை மறுபடி இலேசாகச் சூடாக்குங்கள். தலையின் மூக்கு நுனியில் பூச்சு சொட்டாகத் திரண்டால் சூடு மிஞ்சிவிட்டது.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அந்திமனி என்ற உலோகம் கலந்த ஈயம் 252 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஹீட் கன் இரண்டையும் தாண்டிவிடும், எனவே ஓரிடத்திலேயே பிடித்து நிற்காதீர்கள். காற்று ஈயத்தின் மேல் படட்டும். தூண்டில் முள்ளின் நுனியில் படவேண்டாம். அதிகச் சூடு எஃகின் உறுதியைக் கெடுத்துவிடும்.

செந்தூல்: வீட்டு ஓவனில் ஒரே ஒரு முறை வேகவைக்கலாமா?

கூடாது. பழைய டோஸ்டர் ஓவன் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறை: ஐயா, ஓவனே எதற்கு? நான் மூன்று ஆண்டுகளாக வேகவைக்காமல்தான் பயன்படுத்துகிறேன். ஹீட் கன் சூட்டிலேயே கண்ணாடியாகப் பளபளக்கிறது.

பொடி உருகிப் பரவுவது ஒரு வேலை. வெந்து இறுகுவது வேறு வேலை. உருகியவுடன் பளபளப்பு வந்துவிடும். அப்போது பொடியில் உள்ள பிசின் தனித்தனிச் சரடுகளாகத்தான் கிடக்கிறது. அந்தச் சரடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துகொள்ளச் சூடு நிலைத்து நிற்க வேண்டும்: நாம் வாங்கும் வகைகளுக்குப் பொதுவாக 177 டிகிரியில் 20 நிமிடம். டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். பிணைந்த பூச்சை மறுபடி சூடாக்கினாலும் உருகாது. உங்களுடையது உருகும்.

பிறை, மீண்டும்: வெந்ததும் பாறையில் அடித்தால் உடையத்தானே செய்கிறது? பிறகென்ன வேறுபாடு?

உடையும் விதத்தில்தான் வேறுபாடு. இரண்டு தலைகளை எடுத்து, ஒன்றை வேகவைத்து, ஒன்றை அப்படியே விட்டு, இரண்டையும் இடுக்கியின் பிடியால் தட்டுங்கள். வேகாதது ஓடுஓடாகப் பெயரும். வெந்தது அடிபட்ட இடத்தில் மட்டும் நசுங்கும். அடுத்து, நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு இரண்டையும் தேயுங்கள். வேகாதது பிசுபிசுத்துப் பஞ்சில் வண்ணம் இறக்கும். வெந்தது அநேகமாக மங்குவதோடு நின்றுவிடும். இதை ஹீட் கன் அருகில் செய்யாதீர்கள், அசிட்டோன் எளிதில் பற்றிக்கொள்ளும்.

புக்கிட் மெர்தாஜாம்: பிறை நண்பர் சொல்வதுதான் சரி. முகத்துவாரத்துக் கலங்கலில் சியாகாப் (கொடுவா மீன்) வண்ணத்தையா பார்க்கிறது? வெற்று ஈயத்திலும் கொத்துகிறது.

கொத்தும், மறுக்கவில்லை. நான் பூச்சை வற்புறுத்துவது மீனுக்காக மட்டும் இல்லை. வெற்று ஈயத்தைத் தொட்ட விரலோடுதான் கரையில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் திறந்து பார்க்கிறார்கள். நன்றாக வெந்த பூச்சு ஈயத்துக்கும் கைக்கும் நடுவே நிற்கிறது. செதில் செதிலாக உதிரும் பூச்சு அதைச் செய்யாது. பூச்சு இருந்தாலும் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பிறை, மூன்றாம் முறை: மென்பிளாஸ்டிக்கில் செய்த போலிப் புழுவோடு ஒரே பெட்டியில் வைத்த தலைகள் மட்டும் ஒட்டுகின்றன. அதற்கும் இதுதான் காரணமா?

ஆம். புழுவை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வேகாத பூச்சுக்குள் இறங்கி இளக்கிவிடுகிறது. உங்கள் பெட்டியே என் பக்கம் சாட்சி சொல்கிறது. ஓவன் வாங்குங்கள்.

செராஸ்: ஈயம் வேண்டாமென்று பிஸ்மத்-தகரக் கலவையில் வார்த்தேன். ஓவனில் வைத்ததும் தலைகள் தட்டில் ஒழுகிவிட்டன.

அந்தக் கலவை 138 டிகிரியிலேயே உருகும். 177இல் எப்படி நிற்கும்? அதற்குத் தூரிகையால் பூசும் பெயிண்ட்தான் பொருத்தம். சுத்தத் தகரத்தின் உருகுநிலை 232 டிகிரி, அது ஓவனைத் தாங்கும்.

கெப்போங்: அண்ணா, இரண்டு வண்ணம் வருமா? பளிச்சென்று ஒளிர வேண்டிய பச்சை மின்வண்ணம் (ஃபுளோரசன்ட்) என் கையில் சேறாகத் தெரிகிறது.

வரும், சகோதரி. முதலில் முழுத் தலையையும் வெள்ளையில் முக்குங்கள். ஈயத்தின் சாம்பல் நிறம் மறைந்தால்தான் மின்வண்ணம் எழும்பும். அந்தச் சூடு ஆறுவதற்குள் மென்மயிர்த் தூரிகையில் பச்சைப் பொடியை அள்ளி, தலைக்கு மேலே தூரிகையைத் தட்டுங்கள். முதுகில் மட்டும் விழும். ஓவனில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஓவனின் திருகு குமிழ் காட்டும் அளவை நம்ப முடியாது. சூடு கூடினால் மின்வண்ணம்தான் முதலில் பழுக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்: அலுமினியத் தாளில் சுற்றினால் சமையல் ஓவன் பரவாயில்லையா?

செந்தூல் நண்பருக்குச் சொன்ன பதில்தான். தாளில் சுற்றினாலும் கூடாது. மனைவி ஊருக்குப் போயிருந்தாலும் கூடாது.

ஆயர் ஈத்தாம்: ஹீட் கன் இல்லை. குவளைக்குப் பக்கத்திலேயே கேஸ் அடுப்பை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். காற்றில் பறக்கும் நுண்பொடி தீப்பிடிக்கும். மூடிய அறையில் வெடிக்கவும் கூடும். ஹீட் கன்னையும் குவளையின் பக்கம் திருப்பாதீர்கள். சன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி வேண்டாம், சிகரெட் வேண்டாம். என்95 முகக்கவசம் அணியுங்கள்.

பங்சார்: தோமான் (பெரிய விரால் வகை) மீனுக்குச் செய்த மரப் பாப்பருக்கு (நீர்மேல் மிதக்கும் போலி இரை) இதே பொடியைப் பூசலாமா?

முடியாது. சூட்டில் மரத்தின் ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாக்கும். மரவேலை செய்பவர்களிடம் கேளுங்கள்.

பாயான் லெப்பாஸ்: ஒவ்வொரு முறையும் நரம்பு கட்டும் வளையத்தில் பூச்சு அடைத்துக்கொள்கிறது. வெந்த பிறகு துளைத்தால் சுற்றிலும் உடைகிறது.

வேகவைக்கும் முன்பே துளையுங்கள். முக்கி எடுத்து மினுங்கியதும், சூடு ஆறுவதற்குள் தடித்த ஊசியை வளையத்தில் விட்டு ஒரு சுற்று சுற்றினால் போதும். அதற்குப் பிறகு தலைகள் ஒன்றையொன்று தொடாதபடி ஓவன் கம்பியில் தொங்கவிட்டு வேகவையுங்கள்.