உப்புக்காற்றில் எத்தனை நாள் நிற்கும் கம்பி வேலி?

கேள்வி: வாலிநோக்கம் பக்கம் கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. 22 ஆடுகள், கொஞ்சம் நாட்டுக்கோழி. நாய்த் தொல்லை தாங்காமல் போன வருஷம் முழு இடத்துக்கும் ஜி.ஐ. கம்பி வலை போட்டேன். "10 வருஷம் துருப்பிடிக்காது" என்று கடைக்காரர் பில்லிலேயே எழுதிக்கொடுத்தார். 14 மாதத்தில் அடிப்பக்கம் உதிர்ந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக நாய்கள் புகுந்து மூன்று குட்டிகளைக் கொன்றுவிட்டன. கேட்டால், "கடற்கரைக்கு வாரண்டி கிடையாது" என்கிறார். என்ன செய்வது?

பதில்: பில்லில் எழுதி வாங்கினீர்கள் பாருங்கள், அது பெரிய விஷயம். பலர் துண்டுச்சீட்டோடு வந்துவிடுகிறார்கள். கடற்கரைக்கு வாரண்டி இல்லையென்றால் அதையும் அதே பில்லில் எழுதியிருக்க வேண்டும். விற்ற பிறகு சொல்வது எடுபடாது.

வேலியைப் பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள். துருப்பிடித்த கம்பியில் ஒரு முழம் வெட்டிப் பத்திரமாக வையுங்கள். 15 நாள் கெடு கொடுத்துக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அசையவில்லையா, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதுரையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். குட்டிகளுக்கான நஷ்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாவிட்டால் அந்தப் பகுதி தேறுவது கஷ்டம். காப்பீடு செய்திருந்தாலும் அந்தச் சான்றும் காதுவில்லையும் (காப்பீட்டின்போது ஆட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லை) கேட்பார்கள்.

சரி, அடுத்த வேலி. இரண்டு ஏக்கரையும் மறுபடி சுற்றாதீர்கள் என்பேன். இடம் சதுரமாக இருந்தாலே சுற்றளவு 1,180 அடி வரும். 22 ஆடுகள் ராத்திரி அடைய 15க்கு 20 அடிப் பட்டி போதும். அதற்கு வெறும் 70 அடி. அந்த மிச்சத்தில் நல்ல கம்பியே வாங்கிவிடலாம். பகலில் மேய்ச்சலில் நாய் வந்தால் ஆள் நின்றுதான் விரட்ட வேண்டும். அதற்கு எந்த வேலியும் மாற்று இல்லை.

எது நல்ல கம்பி? ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியிருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு கனமாகப் பூசியிருக்கிறது என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. கடையில் கேஜ் கணக்கை மட்டும் சொல்வார்கள். அது கம்பியின் தடிமன். (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்: 14 கேஜ் 2 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.6.) நீங்கள் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் ஜிங்க் (துத்தநாகம்) என்று கேளுங்கள். 200க்கு மேல் இருக்கட்டும், அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நம் பக்கத்து மணலை நாயும் நரியும் நொடியில் பறித்துவிடும். அதற்காகக் கம்பியைப் புதைத்தால் உப்பு மண் அரித்துவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். அடியில் இரண்டு வரிசை ஹாலோ பிளாக் வையுங்கள், ஒன்று மண்ணுக்குள், ஒன்று மேலே. வலை அதற்கு மேலிருந்து தொடங்கட்டும். வெளிப்புறம் சீமைக்கருவேல முள்ளை அடைத்துவிடுங்கள், அதற்குப் பஞ்சமா நம் ஊரில்?

கோழிக்கூட்டுக்கு இந்த வலை ஆகாது. இரண்டு அங்குலக் கண்ணில் கீரி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள். பருந்து வராமலிருக்கக் கூட்டுக்கு மேலே பழைய மீன்வலையைக் கட்டினால் போதும்.

கேள்வி: மலிவாக ஒரு மின்வேலிப் பெட்டி வருகிறது, வாங்கலாமா?

பதில்: ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தர எண் இல்லாவிட்டால் தொடாதீர்கள். முறையான பெட்டி விநாடிக்கு ஒரு தடவை, கண்ணிமைப்பதற்கும் குறைவான நேரம்தான் கம்பியில் ஷாக் கொடுக்கும். விலங்கு மிரண்டு ஓடும், சாகாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது கொலைக்குச் சமம். கேஸும் வரும், ஆளும் போவார். இன்னொன்று, இன்சுலேட்டரில் உப்புப் படிந்தால் மின்சாரம் கசிந்து வேலி சும்மா நிற்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ உங்களால் முடியுமென்றால் வாங்குங்கள்.