ரப்பர் பாலும் குவார்ட்ஸ் படிகமும்: ஆவி உணரிப் பூச்சு பற்றி சில கேள்விகள்

நாகர்கோவிலில் ஓர் ஆய்வகத்தில், காற்றில் கலந்த ஆவிகளை உணர்வதற்காக, அதிரும் குவார்ட்ஸ் படிகங்களுக்குப் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) பூசுவது என் வேலை. கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: அக்கா, உணர்வது படிகம்தானே, மேலே பாலிமர் எதற்கு?

படிகம் ஒரு தராசு, அவ்வளவுதான். எடை ஏறினால் அதிர்வெண் இறங்கும். 1959-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சாவர்பிரே இதற்குக் கணக்கு எழுதினார். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 1 ஹெர்ட்ஸ் இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது. ஆனால் வெறும் படிகத்தில் பெட்ரோல் ஆவி அதிகம் தங்காது. அதைப் பிடித்துவைப்பது பூச்சு.

குலசேகரம், ரப்பர் விவசாயி: நம்ம ரப்பர் பாலையே பூசினால் என்ன?

வேலை செய்யும். மூடிய குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, ஒரு சின்ன ஷீட் துண்டை ராத்திரி போட்டுவையுங்கள். காலையில் உப்பி, கொழகொழவென்று இருக்கும். பூச்சுக்குள் நடப்பதும் அதுதான், மிகச் சிறிய அளவில். இயற்கை ரப்பர் விறைத்துப்போக ஏறக்குறைய −70 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். அதற்கு மேலே அதன் சங்கிலிகள் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் ஆவி சட்டென்று நுழையும், சுத்தமான காற்று வந்தால் சட்டென்று வெளியேறும். அக்ரிலிக் மாதிரி விறைப்பான பாலிமரில் இது மந்தம்.

ஆனால் ரப்பர் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள், அதாவது எளிதில் வினைபுரியும் இடங்கள், நிறைய. காற்றும் ஓசோனும் பட்டால் கெடும். பழைய ரப்பர் பேண்ட் பிசுபிசுத்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சு அப்படி மாறிவிட்டால் நேற்று எடுத்த அளவு இன்றைக்கு உதவாது. அதனால் நான், சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்புகள் இல்லாத பாலிஐசோபியூட்டிலீன்தான் எடுப்பேன். டியூப் செய்யும் பியூட்டைல் ரப்பரில் பெரும்பங்கு அதுதான்.

தக்கலை: கனமாகப் பூசினால் சிக்னல் கூடுமா?

ஓரளவு வரை கூடும். அப்புறம் பூச்சு படிகத்தோடு சேர்ந்து அசையாமல் பின்தங்கும். முதல் தடவை, பாலிமரை டொலுயீன் என்ற கரைப்பானில் கரைத்து, அந்தக் கரைசலை ஒரே சொட்டாக வைத்து உலரவிட்டேன். ஓரத்தில் தடித்த வளையம் விழுந்து, அதிர்வே நின்றுபோனது. இப்போது கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து, படிகத்தைச் சுழற்றிப் பூசுகிறேன்.

குளச்சல்: கெட்டுப்போன மீனை இதில் கண்டுபிடிக்கலாமா?

முயலலாம், பூச்சை மாற்ற வேண்டும். அந்த வாடை டிரைமெத்தில் அமீன் போன்ற காரங்களால் வருவது. காரத்தைப் பிடிக்க அமிலம் வேண்டும், பாலிஅக்ரிலிக் அமிலம் பொருந்தும். ஆனால் அது தண்ணீரையும் ஆவலோடு குடிக்கும். உங்கள் கடற்கரைக் காற்றில் மீனுக்கு முன்னால் ஈரம்தான் எடை காட்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் மீன் இல்லாத அதே காற்றை முதலில் செலுத்தி, அதிர்வெண் நிலைத்த பிறகே மீனுக்கு மேலிருக்கும் காற்றை விடுங்கள்.