நகராட்சிக் கட்டடத்தைக் கலைக்கூடமாக மாற்றுவது எப்படி? செட்டிநாட்டிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து ஒரு பேச்சு அடிபடுகிறது. சுற்றுவட்டார ஊர்களில் பழைய அலுவலக மாடிகள், வாடகைக்குப் போகாத வணிக வளாகங்கள், பாதி நாள் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்கள் என்று பொது இடம் நிறைய இருக்கிறது. அவற்றை நாடகம், இசை, நடனத்துக்கான கூடமாக மாற்ற முடியுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். நான் நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாடகக்காரர்களோடும் நெடுநாள் பழக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி: "அண்ணே, பழைய ஆபீஸ் மாடி காலியாக் கிடக்கு. மேஜையை எல்லாம் எடுத்துட்டு ஜனங்களை உட்கார வைக்கலாமா?"

உடனே வேண்டாம் தம்பி. அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்கும்படி கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். நிலையான இருக்கை இல்லாமல் கூட்டம் கூடும் இடத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 500 கிலோ. அதுவும் முப்பது பேர் ஒரே தாளத்தில் ஒயிலாட்டம் ஆடினால் தளம் படும் பாடு வேறு.

உங்கள் கட்டடம் மெட்ராஸ் டெரஸ் வகை, அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது உத்தரங்களின் நுனி. நடுவில் தேக்கு இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் போகிற கடைசி ஒரு சாண்தான் மழைநீர் ஊறி உளுத்துப் போயிருக்கும், இல்லையென்றால் கரையான் தின்றிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தைக் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த உத்தரத்தை நம்பக் கூடாது. கான்கிரீட் தளம் என்றால் காரைக்குடி அழகப்பா அரசு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் கேளுங்கள், அல்லது தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளரை வைத்துச் சோதித்து உறுதிச் சான்று வாங்குங்கள். சான்று கையில் வரும் வரை பெயின்ட் டப்பாவைக்கூடத் திறக்காதீர்கள்.

கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். பாரம் பற்றிய கவலை பெரும்பகுதி போய்விடும். வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் ஒரு சாய்தளம் போட்டால் நேராக உள்ளே வந்துவிடலாம்.

காரைக்குடியிலிருந்து: "வாசல் ஒன்றுதான், இழுத்துப் பூட்டும் இரும்புக் கேட். பாதுகாப்புதானே?"

திருடனுக்கு எதிராகப் பாதுகாப்புதான். தீ பிடித்தால் அதுவே எமன். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு வழியாவது வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நிகழ்ச்சி நடக்கும்போது எந்த வழியிலும் பூட்டு தொங்கக் கூடாது. மேடைப் படுதாவுக்கு அருகில் சூடாகும் பழைய ஹாலோஜன் விளக்கு வேண்டாம், எல்இடி போதும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு இசை ஆசிரியை: "ஐயா, எங்கள் பேரூராட்சிக் கூடத்தில் பாடினால் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறிக்கொள்கிறது. நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா?"

ஆகாது அம்மா, இன்னும் மோசமாகும். கோளாறு சுவரில் இருக்கிறது. நம் பக்கத்துச் சுண்ணாம்புப் பூச்சும் தரை ஓடும் கண்ணாடி போல வழவழப்பானவை. ஒலியை விழுங்காமல் அப்படியே திருப்பி அனுப்பும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 60 அடி நீளம், 30 அடி அகலம், 15 அடி உயரமுள்ள கூடம் என்றால் உள்ளே 27,000 கன அடி காற்று. கொள்ளளவை 0.049-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிரொலி எத்தனை விநாடி நிற்கும் என்பது தெரியும். சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்ட கணக்கு இது. வெறும் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 6,300 சதுர அடி. அவை உறிஞ்சுவது நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால் சுமார் 190 சதுர அடிக்குச் சமம். ஜன்னலையெல்லாம் சாத்தினால் எதிரொலி ஏழு விநாடி நிற்கும்! 150 பேர் வந்து உட்கார்ந்தால் அது ஒன்றரைக்கு இறங்கும், ஏனென்றால் மனித உடம்பும் துணியும் நன்றாக உறிஞ்சும். வசனமும் பாட்டும் கலந்த நம் நாடகத்துக்கு ஒன்று, ஒன்றேகால் விநாடி இருந்தால் சுகம். அதற்கு இன்னும் 500 சதுர அடி அளவுக்கு உறிஞ்சும் பலகை வேண்டும். ஆனால் பயிற்சி நாளில் பத்துப் பேர்தானே இருப்பார்கள்? அதனால் அந்த அளவோடு நிறுத்தாமல், இழுத்து மூடித் திறக்கிற கனத்த திரைகளையும் பக்கச் சுவர்களில் வைத்துவிடுங்கள். கூட்டம் வரும் நாளில் ஒதுக்கிக் கொள்ளலாம்.

பலகைக்கு வெளியூர்ப் பொருளைத் தேட வேண்டியதில்லை. மரச்சட்டத்துக்குள் இரண்டு அங்குலம் தேங்காய் நார் மெத்தையை வைத்து, மேலே பருத்தித் துணி இழுத்துக் கட்டி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். நாரும் துணியும் தீத்தடுப்புப் பூச்சு ஏறியதாக இருக்கட்டும். மேடைக்கு நேர் எதிரே இருக்கும் பின்சுவரில் முதலில் போடுங்கள். நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டினால் மாட்டும் முன்பும் பின்பும் உள்ள வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும். பழைய பூச்சைச் சுரண்டி மட்டும் விடாதீர்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்று கிடைப்பது அரிது.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: "ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரையிலே பேத்தி பரதம் ஆடுறா. முழங்கால் வலிக்குதுங்கிறா."

வலிக்கத்தான் செய்யும் ஆச்சி. ஆத்தங்குடிக் கல் அழகு, ஆனால் அது சிமென்ட். தட்டடவு போடும் காலுக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தால் வழுக்கவும் செய்யும். கல்லைப் பெயர்க்க வேண்டாம். அதன்மேல் ரப்பர் துண்டுகள், அவற்றின் மேல் மரச்சட்டம், அதன்மேல் இரண்டடுக்கு ஒட்டுப்பலகை என்று ஆடும் அளவுக்கு மட்டும் ஒரு மிதக்கும் தளம் போட்டால் போதும். நம் பக்கம் கரையான் அதிகம், சட்டத்துக்கு மருந்து அடிக்காமல் போட வேண்டாம்.

புதுவயலிலிருந்து: "மேடை எத்தனை அடி உயரம் வைக்கலாம்?"

கூரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 11 அடி உயர அறையில் 3 அடி மேடை போட்டால் மிச்சம் 8. கரகம் தூக்கும் பெண், செம்பு, உச்சியில் கிளி எல்லாம் சேர்ந்தால் ஏழரை அடியைத் தொடும். மேலே மின்விசிறி சுற்றுகிறது! இப்படிப்பட்ட அறையில் ஒன்றரை அடி மேடை போதும். ஜனங்கள் ஜமக்காளத்தில் உட்காரட்டும். மேடைக்கு மேலே விசிறி கூடவே கூடாது. அகலம் 20 அடியாவது இருக்கட்டும், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிப்பது) மூன்றும் மேடையிலேயே உட்கார வேண்டுமே.

கோட்டையூரிலிருந்து: "கட்டடத்தை எங்கள் பேருக்குத் தருவார்களா? பணத்துக்கு என்ன வழி?"

பேருக்குக் கேட்காதீர்கள், பயன்பாட்டுக்குக் கேளுங்கள். உடைமை உள்ளாட்சியிடமே இருக்கட்டும், அதுதான் உங்களுக்கும் நல்லது. கூரை ஒழுகினால் பொறுப்பு அவர்களுடையது. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத குழுவோடு உள்ளாட்சி ஒப்பந்தம் போடத் தயங்கும். மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். தலைவரோ கவுன்சிலரோ வாய்வார்த்தையாகச் சொன்னது அடுத்த தேர்தலோடு போய்விடும். குத்தகை ஓராண்டுக்கு மேல் என்றால் பத்திரப் பதிவும் அவசியம்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நம் ஊர்க்காரர்கள் சிங்கப்பூர், மலேசியாவில் எவ்வளவு பேர்! கோவில் திருப்பணிக்குத் தருகிற கை இதற்கும் தரும், கணக்கை மட்டும் மாதாமாதம் வாசலில் எழுதி ஒட்டுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதிக்கும் மனுக் கொடுங்கள்.

கண்டனூரிலிருந்து: "வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். போலீஸ் பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லாதா?"

திறந்தவெளியில் சொல்லும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆனால் மூடிய அரங்குக்கும் சமுதாயக் கூடத்துக்கும் உள்ளுக்குள் கேட்கும் அளவில் விலக்கு உண்டு. கூடம் வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் பெரிய காரணங்களில் இது ஒன்று. ஆனால் குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல்தான். ஜன்னலுக்கு இரட்டைக் கதவு போட்டு, குழாய் ஸ்பீக்கரை வெளியே கட்டாமல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் தூங்குவார்.

காரைக்குடியிலிருந்து இன்னொருவர்: "முகூர்த்த நாளில் கல்யாணத்துக்கு விட்டால் செலவு தேறுமே?"

தேறும். ஆனால் இரண்டே வருடத்தில் அது கல்யாண மண்டபமாகவே ஆகிவிடும். ஒலி உறிஞ்சும் பலகையில் சீரியல் பல்பு மாட்டுவார்கள், மிதக்கும் தளத்தில் சாம்பார் அண்டாவை இழுப்பார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விழா நடத்த நம் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இன்றுவரை பங்குனியில் விழா எடுக்கிறது, அதற்கு மணிமண்டபம் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பத்துப் பிள்ளைகள் தப்புத் தப்பாகப் பாடிப் பழக ஓர் இடம்தான் இல்லை. கட்டணத்தை மணிக்கணக்கில் வையுங்கள். பயிற்சிக்கு ரொம்பக் குறைவு, டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் அதிகம். பகலில் ஜவகர் சிறுவர் மன்றம் போன்ற வகுப்புகளுக்குக் கொடுத்தால் கூடம் சும்மா கிடக்காது.

"ஏசி அவசியமா?" வேண்டாம். கரண்ட் பில்லிலேயே சங்கம் படுத்துவிடும். உயரத்தில் காற்றுப் போக்கிகளும் சத்தமில்லாத பெரிய விசிறிகளும் போதும்.

புதுக்கோட்டைப் பக்கத்து நாடக நடிகை ஒருவர்: "அண்ணே, எல்லாம் மேடையைப் பற்றியே பேசுறாங்க. நாங்க எங்கே உடை மாத்துறது?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தேன் தங்கச்சி. திருவிழா மேடைகளுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுச் சேலையைச் சுற்றி, அதற்குள் மொபைல் வெளிச்சத்தில் நீங்கள் மேக்கப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அரசுக் கூடத்தில் அந்த நிலை வரக் கூடாது.

வரைபடத்தில் மேடைக்கு முன்பே இதை வரையச் சொல்லுங்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி அறை, உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், ஒட்டியே கழிப்பறை, தண்ணீர். கண்ணாடிக்கு இரு பக்கமும் வெள்ளை விளக்கு, மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் அரிதாரம் திட்டுத் திட்டாகத் தெரியும். அறையிலிருந்து மேடைக்குப் போகும் வழி ஜனங்களுக்கு நடுவே போகக் கூடாது. திருநங்கைக் கலைஞர்களுக்கு எந்த அறை வசதி என்று அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், நாடகம் முடிவது விடியற்காலையில். ஆட்டம் முடிந்ததும் காவலாளி கூடத்தைப் பூட்டிவிட்டால் முதல் பஸ் வரும் வரை பெண்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். "கலைஞர்கள் காலை 7 மணி வரை அறையில் தங்கலாம்" என்று ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சங்க நிர்வாகத்தில் நடிகைகள் இரண்டு பேராவது இருக்கட்டும், அந்த வரி அழிந்து போகாமல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.