லினக்ஸ் கணினிக்கு எந்தப் பிரிண்டர்?

கேள்வி: எங்கள் டியூஷன் சென்டரில் இரண்டு கணினிகள், இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ்தான். வினாத்தாள் அச்சடிக்கக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் போதும். தெரிந்தவர் ஒருவர் தமது பழைய கேனான் எல்பிபி2900-ஐ 3,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கடையில் புதியது விசாரித்தால், “லினக்ஸ்தானே, எல்லாம் ஓடும் சார்” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பழையதை விட்டுவிடுங்கள். விண்டோஸ் வைத்திருப்பவருக்கு அது நல்ல உழைப்பாளி. உங்களுக்கு அது தலைவலி. அந்த பிரிண்டர் பக்கத்தைத் தானாக உருவாக்காது. கணினியே முழுப் பக்கத்தையும் படமாக்கி, கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழியில் அனுப்ப வேண்டும். லினக்ஸுக்கும் கேனான் டிரைவர் (பிரிண்டரோடு கணினி பேச உதவும் மென்பொருள்) கொடுத்தது உண்மைதான். ஆனால் அதன் சில பகுதிகள் பழைய 32-பிட் கணினிகளின் காலத்தவை. இன்றைய உபுண்டுவில் அதை நிறுவ மெனக்கெட வேண்டும். நிறுவிய பிறகும் அடுத்த பதிப்புக்கு மாறும்போது நின்றுபோகலாம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு அந்தச் சோதனை உங்களுக்கு எதற்கு?

பழைய சந்தையில் அடிக்கடி கிடைக்கும் எச்பி லேசர்ஜெட் 1020-உம் ஏறக்குறைய இதே ரகம். மின்சாரத்தை அணைத்தால் தன் உள் மென்பொருளை மறந்துவிடும்; ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை ஊட்ட வேண்டும். ஓட்டிவிடலாம், ஆனால் தேடிப்போய் வாங்க வேண்டியதில்லை.

புதியது வாங்கும்போது “லினக்ஸில் ஓடுமா?” என்று கேட்காதீர்கள். “ஏர்பிரிண்ட் உண்டா?” என்று கேளுங்கள். டிரைவர் இல்லாமலேயே போனிலிருந்து அச்சடிக்கும் வசதி அது. ஐபோன் புண்ணியத்தில் இந்தக் கேள்வி எல்லாக் கடைக்காரருக்கும் புரியும். அட்டைப்பெட்டியிலும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். 2010-இல் ஆப்பிள் இதைக் கொண்டுவந்தபோது நோக்கம் ஒன்றுதான்: போனில் டிரைவர் நிறுவ முடியாது, ஆகவே பிரிண்டரே ஒரு பொது மொழியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐபிபி என்ற அந்த மொழியை லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளும் நன்றாகப் பேசும். மேக் கணினியிலும் அச்சடிப்பது இதே கப்ஸ்தான். அதன் மூல நிரலை 2007-இல் ஆப்பிள் விலைக்கே வாங்கியது. எனவே பெட்டியில் லினக்ஸ் என்ற பெயரே இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம்.

அமைப்பது எளிது. பிரிண்டரை உங்கள் வைஃபையில் சேர்த்துவிட்டால், உபுண்டுவின் அமைப்புகளில் ‘பிரிண்டர்கள்’ பகுதியில் அதன் பெயர் வந்து நிற்கும். வரவில்லையென்றால் பிரவுசரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, 631 என்று சேருங்கள். கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும், அங்கிருந்து சேர்க்கலாம். விலை குறைந்த பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும், ரூட்டரில் அந்த அலைவரிசை இல்லையென்றால் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். ‘டிரைவர் கிடைக்கவில்லை’ என்ற புலம்பல்களில் சில, உண்மையில் ரூட்டர் சிக்கல்கள்.

மடிக்கணினி இருந்தால் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், கடையின் கணினியை அதிலிருந்து இயக்க அனுமதி கேளுங்கள். ஒரு பக்கம் அச்சாகி வெளியே வந்த பிறகு பணம் கொடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கேள்வி: கடைக்காரர் பேச்சை நம்பி ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டேன். லினக்ஸில் ஓடவில்லை. திரும்ப எடுக்க மறுக்கிறார். நுகர்வோர் சட்டம் உதவுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகமாகக் கருதுகிறது; பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லையென்றால் 30 நாள். ஆனால் பெட்டியில் விண்டோஸ், மேக் என்று மட்டும் போட்டிருந்தால், பிரிண்டரில் குறை இல்லை என்று கடைக்காரர் வாதிடுவார். அவர் ‘ஓடும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாலோ, பில்லில் குறித்திருந்தாலோ உங்கள் கை ஓங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். வெறும் வாய்ப்பேச்சு என்றால் நிரூபிப்பது கடினம்.

அதற்கு முன் மாடல் எண்ணை ஒருமுறை தேடிப் பாருங்கள். எச்பி என்றால் எச்பிலிப், எப்சன் இங்க்ஜெட் என்றால் எஸ்க்பிஆர், பிரதர் லேசர் என்றால் பிஆர்லேசர் என்ற டிரைவர்கள் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. உங்கள் மாடல் அவற்றின் பட்டியலில் இருந்தால் கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை.