கணவருக்கு எச்.ஐ.வி. தொற்றவில்லை: பிறவி எதிர்ப்பா, மாத்திரையின் காப்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் நான்கு ஆண்டுகளாக எச்.ஐ.வி. மாத்திரை உட்கொள்கிறார், கணவருக்கோ ஒவ்வொரு பரிசோதனையிலும் தொற்று இல்லை. "அவர் இரத்தத்திலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, இனிப் பரிசோதனை எதற்கு?" என்று மாமியார் கூறுவது சரியா எனக் கேட்கிறார்.

சரியன்று. ஆயினும் உடலின் செல்கள் இவ்வைரஸை எதிர்ப்பது உண்மையே. எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்த பிறகே செல்லின் மரபணுக்களுக்குள் நுழைய முடியும். அதற்கான மூலப்பொருளைச் செல்லிடமிருந்தே எடுக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்களான டெண்ட்ரிடிக் செல்கள், மேக்ரோபேஜ்கள், ஓய்வுநிலையிலுள்ள டி செல்கள் ஆகியவற்றிலுள்ள சாம்ஹெச்டி1 என்னும் புரதம் அம்மூலப்பொருளைச் சிதைத்துக் குறைப்பதால், அரிசி இல்லாத வீட்டில் உலை வைத்ததுபோல் வைரஸின் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. 2011இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பில் என்னை மிகவும் கவர்வது அதன் மறுபக்கம்: டெண்ட்ரிடிக் செல்களுக்குள் வைரஸ் பெருகாததால், உடலுக்கு அபாயம் அறிவிக்க வேண்டிய அச்செல்கள் பெரும்பாலும் விழிப்படையாமலே இருந்துவிடுகின்றன. பெருகத் தொடங்கிய டி செல்களிலோ அதே புரதம் செயலடங்குகிறது. வைரஸ் அங்கேதான் பல்குகிறது.

இப்புரதம் எல்லோரிடமும் உண்டு. இருந்தும் தென்னாப்பிரிக்காவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கின்றனர். செல்லின் வாசலான சிசிஆர்5 புரதத்தைப் பிறவியிலேயே இழந்தவர்களுக்கு வலுவான காப்பு உண்டு. ஆனால் அம்மரபணு மாற்றம் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடமே ஓரளவு காணப்படுகிறது, இந்திய வம்சாவளியினரிடம் மிக அரிது.

ஆகவே சகோதரி, உங்கள் கணவரைக் காத்துவருவது பெரும்பாலும் நீங்கள் தவறாமல் உட்கொள்ளும் மாத்திரையே. 2016இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்து மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த 888 இணையர், ஆணுறையின்றி ஏறத்தாழ 58,000 முறை உறவுகொண்டும், துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

ஆண்டுதோறும் வைரஸ் அளவுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவரும் தம் பரிசோதனையைத் தொடரட்டும். மாத்திரை சில நாள் தவறினாலோ, வைரஸ் அளவு உயர்ந்தாலோ, அது மீண்டும் அடங்கும்வரை ஆணுறையைப் பயன்படுத்துங்கள். கணவருக்குத் தடுப்பு மாத்திரை தேவையா எனக் கிளினிக்கில் கேளுங்கள். வைரஸ் அடங்காத அக்காலத்தில் பாதுகாப்பின்றி உறவு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள், இயன்றால் அன்றே, அவர் கிளினிக்குக்குச் சென்றாக வேண்டும்.