சினை நிற்காததற்குக் காளைதான் காரணமா? கேள்வி பதில்

பொள்ளாச்சி வாசகர்: டாக்டர், எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு. மூன்று முறை சினை ஊசி போட்டாச்சு. 21 நாளில் திரும்பவும் பருவத்துக்கு வருகிறது. மரபணுக் கோளாறா?

பதில்: எடுத்த எடுப்பில் மரபணுவைச் சந்தேகப்படாதீர்கள். ஊசி போட்ட நேரம், வெயில், கருப்பைச் சளி, தீவனம் எல்லாம் பார்த்த பிறகுதான் அது. கரு பிழைத்திருந்தால் 16ஆம் நாள் வாக்கில் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கும். அது கிடைத்தால்தான் மாட்டைத் திரும்பப் பருவத்துக்குக் கொண்டுவரும் புராஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பைக் கருப்பை அடக்கி வைக்கும், சினையும் தங்கும். கரு உண்டாகாவிட்டாலும், உண்டாகி அதற்குள் செத்திருந்தாலும் மாடு பருவத்துக்கு வந்துவிடும். இந்தப் புரதத்துக்கான மரபணு அசைபோடும் இனங்களுக்கே உரியது. பன்றிக் கரு ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து தான் இருப்பதைத் தெரிவிக்கும்.

ஈரோடு வாசகர்: ஒரே காளையின் மரபணுவால் லட்சக்கணக்கில் கரு செத்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1962இல் அமெரிக்காவில் பிறந்த 'சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு ஏறக்குறைய 16,000 மகள்கள். பால் கொட்டியது, அதனால் எல்லோரும் அதன் விந்தையே வாங்கினார்கள். கூடவே அபாஃப்1 மரபணுவில் ஒரு பழுதும் பரவியது. ஒரு பிரதி இருந்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. தாய், தந்தை இரண்டும் அதைச் சுமந்தால் நாலில் ஒரு கரு வயிற்றிலேயே போகும். பழுதை இரட்டையாகச் சுமந்த மாடு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்துத்தான் 2011இல் இதைப் பிடித்தார்கள். அதற்குள் உலகமெங்கும் 5 லட்சத்துக்கும் மேல் கருக்கள் கலைந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். ஊசி போட்டதும் விந்துக் குச்சியில் உள்ள காளை எண்ணைக் குறித்து வையுங்கள்; பழுதைச் சுமக்கும் காளையா என்று பார்க்க அது வேண்டும்.

கரூர் வாசகர்: இதெல்லாம் சீமை மாட்டின் சாபம். நாட்டு மாட்டில் கிடையாது.

பதில்: தேடாததால் தெரியவில்லை, அவ்வளவுதான். ஊருக்கு ஒரே பொலிகாளை, அதன் மகளுக்கும் அதே காளை என்றால் காங்கேயத்திலும் பழுது கூடத்தான் செய்யும்.

கரூர் வாசகர்: எங்கள் தாத்தா காலத்தில் ஒரு மாடுகூட சினை தவறியதில்லை.

பதில்: ஒன்றரை மாதத்தில் கரைந்த கருவைத் தாத்தா எப்படிப் பார்த்திருப்பார்? ஸ்கேன் ஏது அப்போது? 'மாடு பிந்துது' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நம் மண்ணின் நல்ல மரபணுவைச் சொல்வதானால் வங்காளத்து கரோல் ஆட்டைச் சொல்லுங்கள். அதன் ஃபெக்-பி மரபணுவால் ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டி.

தர்மபுரி வாசகர்: மூன்று ஊசி போட்டும் நிற்கவில்லை...

பதில்: முதல் பதில்.

நாமக்கல் வாசகர்: ஜெர்சியிலும் இந்த மாதிரி உண்டா?

பதில்: உண்டு, ஜெஎச்1 என்று பெயரிட்ட பழுது. சிடபிள்யூசி15 மரபணுவில். காளை எண், காளை எண்!

மதுரை வாசகர்: ஊசி போட்டும்...

பதில்: உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் கருப்பையைச் சோதியுங்கள்.